ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர்

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் சாவுச் செய்தி ஒட்டாத சுவரே கிடையாது. காய் வாங்கப் போனால் காயைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன். யார் போனார்கள் என்று தெரிந்துகொள்ள அல்ல, எப்படிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறது என்று பார்க்க. ஒருவர் சிவலோகப் பதவி அடைந்திருப்பார். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் வைகுண்டப் பதவி. கட்சிக்காரர் என்றால் இயற்கை எய்தியிருப்பார். கிறிஸ்தவர் இறைவனில் இளைப்பாறுவார். முஸ்லிம்கள், அதாவது எங்கள் ஆட்கள், மவுத்தாகிவிடுவார்கள். வீட்டில் அடுத்து ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தால் அதில் மர்ஹூம் ஆகிவிடுவார்கள். பிரான்சு பென்ஷன் வாங்கிய குடும்பமாக இருந்தால் "எங்க பெரியப்பா தெசெதே ஆயிட்டாரு" என்று பிரெஞ்சைக் கலந்து பேசிக்கொள்வார்கள், ஏதோ பிரமோஷன் கிடைத்த மாதிரி. இத்தனை தினுசாகப் போகிற ஊரில், செத்துப்போனார் என்று மட்டும் ஒரு சுவரும் சொல்லாது. ஏன் சொல்லாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத கேள்வி.

இந்தப் புத்தி எனக்குத் தொழிலால் வந்ததா, இந்தப் புத்தியால் தொழில் வந்ததா என்று தெரியவில்லை. பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழுக்கும், தமிழ்ப் பத்திரங்களைப் பிரெஞ்சுக்கும் பெயர்த்து முத்திரை குத்தித் தருவது என் வேலை. அத்தா வைத்திருந்த தையல் கடையைப் பாதியாகத் தடுத்து மேசை போட்டிருக்கிறேன். பிறந்தது, கட்டிக்கொண்டது, இறந்தது, இந்த மூன்றும்தான் நாள் முழுக்க. எல்லாம் இறந்த காலம். எல்லாம் முடிந்துபோன சமாசாரம்.

முடியாத சமாசாரம் என்று ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியவர் ஜட்ஜய்யா. அவர் ஜட்ஜாக ஒரு நாளும் இருந்ததில்லை. மில் தொழிலாளியின் பிள்ளை, இதே நெல்லித்தோப்பில் பிறந்தவர். இங்கே படித்து, பிரான்சுக்குப் போய் அங்கே சட்டம் சொல்லிக்கொடுத்து, மனித உரிமை என்று உலகத்தில் எங்கே கூட்டம் போட்டாலும் அங்கே போய் உட்கார்ந்து பேசி, வயதானதும் திரும்பி வந்து, தான் பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாடியில் வாடகைக்கு இருந்தார். சர்வதேசச் சட்ட வல்லுநர் என்றால் என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. கோட்டு போட்ட பெரிய மனிதர், சட்டம் படித்தவர், ஆகவே ஜட்ஜய்யா. அவரும் மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

என்னிடம் முதலில் வந்தபோது கோட்டு இல்லை. லுங்கியும் அரைக்கைச் சட்டையும், கையில் அவருடைய பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழும். ஏதோ அலுவலகத்தில் தமிழில் கேட்டிருக்கிறார்கள். முத்திரை வேண்டுமே, அதற்காக என்னிடம். பெயர்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் வாசலில் நிற்கிறார்.

"மதாம், எங்கப்பா தொழில்னு ஒரு எடம் இருக்கில்ல, அதுல கூலியாள்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம் முசே. அகராதியில அப்படியும் இருக்கு." பெரியவர்களை முசே என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம், பிரெஞ்சுக்காரன் ஆண்டு விட்டுப்போன பழக்கம்.

"கூலியாள்னா தனியாளு. எங்கப்பா சங்கத்துல இருந்தவரு. தொழிலாளின்னு போடுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு சொல்லுக்காகப் புதுத் தாள், புது முத்திரை. முணுமுணுத்துக்கொண்டே செய்துகொடுத்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை அவரைத் தெருவில் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்: "நீங்க அங்க என்னதான் வேலை பாத்தீங்க?"

அவர் நடுத்தெருவில் நின்றபடி என்னையே திருப்பிக் கேட்டார். "ஒருத்தன அரசாங்க ஆளுங்க புடிச்சிக்கினு போறாங்க. வூட்டு ஆளுங்க போயி கேட்டா, நாங்க புடிக்கவே இல்லன்றாங்க. ஜெயில்லயும் இல்ல, பொணமும் இல்ல. இதுக்கு இன்னா பேரு வெப்பீங்க மதாம்?"

கைது என்றேன். கைது என்றால் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டுமே என்றார். கடத்தல் என்றேன். கடத்தியவன் ஏதாவது கேட்பானே என்றார். கொலை என்றேன். செத்தான் என்று யார் சொன்னது என்றார். ஸ்கூட்டர்காரன் ஒருவன் ஹாரன் அடித்து எங்களை ஓரமாகத் தள்ளினான்.

"அந்தப் பேரத் தேடினவங்கள்ல நானும் ஒருத்தன்," என்றார். "பேரு வெச்சாத்தானே சட்டம் போட முடியும். அதுல ஒண்ணு சேத்தோம். அந்த ஆளு எங்கன்னு சொல்ற வரைக்கும் குத்தம் முடியறதில்ல. என்னைக்கோ நடந்ததில்ல மதாம். இன்னிக்குக் காலையில, நீங்க டீ குடிச்சப்பவும் அது நடந்துக்கினு இருந்துச்சு."

நிகழ்காலத்திலேயே நிற்கிற ஒரு குற்றம். வினைச்சொல்லோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவர் கடைப்பக்கம் வந்தால் நாற்காலியைத் தூசி தட்டிப் போட ஆரம்பித்தேன்.

அந்த நாற்காலிக்கு எதிரே ஒரு நாள் கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். நாற்பதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை. புருசன் மீன்பிடிக்கிறவர், வளைகுடா நாடு ஒன்றில் முதலாளியின் லாஞ்சுப் படகில் வேலைக்குப் போனவர். எல்லை தாண்டினார்கள் என்று பக்கத்து நாட்டுக் கடற்படை அந்த லாஞ்சைப் பிடித்தது. மற்றவர்களெல்லாம் கொஞ்ச காலத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். இவர் வரவில்லை. இவரைத் தனியாக ஒரு வேனில் ஏற்றியதைக் கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்த நாடோ, அப்படி ஒரு ஆள் எங்களிடம் இருந்ததே இல்லை என்கிறது.

அவள் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுத வேண்டும். உலக நாடுகள் சேர்ந்து இதற்கென்றே வைத்திருக்கும் குழு ஒன்றுக்கு அது போகும். அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம்: "எங்க வூட்டுக்காரரு காணாமப் போயிட்டாருங்க."

ஜட்ஜய்யா கையைக் காட்டி நிறுத்தினார். "போனாரா? கொண்டுபோனாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவரு ஏன் போவாரு? பொண்டாட்டி புள்ளய உட்டுட்டு அவரு போவாரா? அவங்கதான் கொண்டுபோனாங்க!"

"அப்போ போனாருன்னு சொல்லாதம்மா. எழுதறவங்களுக்கும் அதான்." பின்பாதி எனக்கு.

காணாமல் போனவர் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவர். கடலுக்கு அந்தப் பக்கம் ஈழத்துத் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொல் அது. நம் தமிழில் அதற்கு இடம் இருக்கிறது. 'ஆக்கப்பட்ட' என்று போட்டதும் ஆக்கியவன் எங்கே என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. பிரெஞ்சில் அப்படி இல்லை. 'திஸ்பாரு' என்பார்கள். தானாகப் போனவனும் திஸ்பாரு, கொண்டுபோகப்பட்டவனும் திஸ்பாரு. பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தபோது அவள் குறுக்கே கேட்டாள்:

"பாயம்மா, அதுல பாரு பாருன்னு வருதே. யார பாக்கச் சொல்றாங்க?"

ஜட்ஜய்யா விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தான் கேட்டிருக்கு. எல்லாரையும் பாக்கச் சொல்றோம்மா."

அந்தக் குழு யாரையும் தண்டிக்காது. அதனிடம் போலீசும் இல்லை, ஜெயிலும் இல்லை. அந்த நாட்டைப் பார்த்து 'அவர் எங்கே?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்குத் தோன்றியது உண்மை. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் கேட்பதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். கொழுந்தன், அதாவது புருசனின் தம்பி, காரியம் செய்துவிடலாம், அண்ணனுக்குச் சாந்தி கிடைக்கும் என்று அரித்துக்கொண்டிருந்தான். புருசன் படத்துக்கு மாலை போட வந்தவனை அவள் துடைப்பத்தோடு துரத்தியதாகக் கேள்வி. அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் புருசன் இன்னும் தேடப்படுகிறவராக இருந்தார். அது அந்தக் கோப்பு. அந்தக் கோப்பு உயிரோடு இருக்க ஒரு நிபந்தனை உண்டு. அவ்வப்போது குழுவிலிருந்து எழுதிக் கேட்பார்கள், செய்தி ஏதாவது உண்டா என்று. இங்கிருந்து பதில் போக வேண்டும். போகாவிட்டால் கோப்பு ஓரமாகிவிடும். பதில் எழுதுவதை ஜட்ஜய்யா தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவளுக்கும் போனில் ஒரு மெயில் போட்டுக் கொடுத்தார், வருவதெல்லாம் அவளுக்கும் ஒரு பிரதி வரும்படி.

போன ஐப்பசி மழையில் ஜட்ஜய்யா செத்துப்போனார். ஆஸ்பத்திரி, காய்ச்சல், நெஞ்சில் சளி என்று சட்டென முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது; கடையை மூடிக்கொண்டு அழுதேன். ஒரு சொல்லுக்காகக் காலங்காத்தால வாசலில் நிற்கிற மனிதர் இனி யார் இருக்கிறார்?

சாவு வீட்டில் கனகசெட்டிக்குளத்துப் பெண் படிக்கட்டுக்குக் கீழே ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாயம்மா, இனிமே யாரு பதில் போடுவாங்க?"

அதைக் கேட்கும் நேரமா அது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அந்த ஆளைத்தான் அறையத் தோன்றியது. அவள் வேறு எந்த நேரத்தில் கேட்பாள்?

அவளுக்குப் பதில் சொன்னது நான் அல்ல, நினைவுக் குழுவின் செயலாளர். ஜட்ஜய்யாவை எரித்த மறுநாளே அவருடைய நண்பர்கள் கூடி நினைவுக் குழு அமைத்துவிட்டார்கள். செயலாளர், ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். நல்ல மனிதர்தான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பிரெஞ்சுக்கு எப்போதும் பட்டு அங்கவஸ்திரம் போட்டிருக்கும். என்னுடையதை "பத்திரப் பிரெஞ்சு" என்பார், நாலு பேருக்கு முன்னாலேயே சொல்வார். அவர் அவளைக் கூப்பிட்டு, "கவலப்படாதம்மா, ஐயாவோட மெயில் எல்லாம் இனிமே நாங்க பாத்துக்கறோம்," என்றார். அவள் கும்பிட்டாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கிய சமயம். படத்திறப்பு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் போனை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். "அந்த வெளிநாட்டுக் குழுவிலேர்ந்து வந்திருக்கு பாயம்மா. வழக்கத்த விடப் பெருசா இருக்கு. இன்னா போட்டிருக்குன்னு படிங்க."

படித்தேன். முதல் வரியிலேயே இரங்கல். தங்கள் கணவரின் இறுதிச் சடங்கு குடும்பத்தார் முன்னிலையில் கண்ணியமாக நடந்ததை அறிகிறோம், எங்கள் ஆழ்ந்த அனுதாபம். அவர் நிலை தெரிந்துவிட்டபடியால் கோப்பை முடித்துவிட எண்ணுகிறோம். தங்களுக்கு மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம்.

சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிற 'இன்னா லில்லாஹி' தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பாயம்மா?"

ஒருவரைப் பார்த்து உன் புருசன் செத்துவிட்டார் என்று சொல்ல எந்த மொழியிலும் எனக்கு வாய் வராது. அதுவும் எனக்கே நம்பிக்கை இல்லாதபோது. சுற்றி வளைத்தேன். "ஏம்மா, உங்க வீட்டுல அவருக்கு ஏதாச்சும் காரியம் கீரியம் செஞ்சீங்களா?"

அவ்வளவுதான். எழுந்தாள், நாற்காலி பின்னால் விழுந்தது. "செஞ்சுட்டானா! எனக்குத் தெரியாம செஞ்சுட்டானா! நான் வேலைக்குப் போற நேரம் பாத்துக் கடக்கரையில வெச்சு எல்லாத்தையும் முடிச்சுட்டு எழுதியும் போட்டுட்டானா! இன்னிக்கு அவன நான்..." கொழுந்தனைக் கொல்லப் போகிறவள் மாதிரி வாசலுக்கு ஓடினாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"இரு, இரு! உன் கொழுந்தனுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

நின்றாள். "அவனுக்குத் தமிழே எழுதத் தெரியாது."

"அப்போ உக்காரு. யாரு எழுதினாங்கன்னு பாப்போம்."

எனக்குள் இருக்கும் மூக்கை நுழைக்கிற புத்தி அப்போதுதான் உபயோகப்பட்டது. மெயிலை விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனேன். இவர்கள் எதற்குப் பதில் எழுதினார்களோ அது அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? இருந்தது. குழு வழக்கம்போல் செய்தி உண்டா என்று கேட்டிருக்கிறது. அதே மெயிலுக்கு, அதே வழக்கு எண்ணின் கீழேயே, நம் செயலாளர் பதில் எழுதியிருக்கிறார். பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் போட்டு, ஜட்ஜய்யாவின் பெயரை ஒரு இடத்திலும் சொல்லாமல், 'அந்த மாமனிதர்' என்றும் 'ஈடு செய்ய முடியாதவர்' என்றும் எழுதிக்கொண்டு போய், நடுவில்: 'எங்கள் அன்புக்குரிய திஸ்பாருவின் இறுதிச் சடங்கு, குடும்பத்தார் முன்னிலையில், மிகுந்த கண்ணியத்தோடு நடந்தேறியது.' கீழே ஒப்பம், நினைவுக் குழு.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. 'மறைந்த ஐயா' என்று மனதில் தமிழில் நினைத்திருக்கிறார். பிரெஞ்சிலும் கௌரவமாக அப்படிச் சொல்வது உண்டு. செத்தவரைத் திஸ்பாரு என்பார்கள், மறைந்தவர் என்று. ஆனால் அந்த உலக நாடுகள் குழுவில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் திஸ்பாரு என்றால் ஒரே அர்த்தம்தான். அந்தக் கோப்பில் திஸ்பாரு ஒரே ஆள்தான்.

அவளுக்கு விளக்கினேன். மெதுவாகத்தான் விளக்கினேன், எனக்கே இரண்டு முறை குழம்பியது. செயலாளர் ஐயாவுக்கு, உன் வீட்டுக்காரருக்கு வைத்த சொல்லையே போட்டுவிட்டார். அங்கே அவர்கள் ஐயாவை எரித்ததை உன் வீட்டுக்காரரை எரித்ததாக நினைத்துவிட்டார்கள். யாரும் எந்தக் காரியமும் செய்யவில்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பாருவா?" என்று கேட்டாள்.

"அந்தப் பாருதான்."

"அப்போ வாங்க பாயம்மா, அவரப் போயிப் பாப்போம்."

செயலாளர் தவளக்குப்பம் முக்கில் இருக்கிறார், விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்கிற கடையில், என்று போனில் தெரிந்தது. பஸ் பிடித்துப் போனோம். கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, ஜட்ஜய்யாவின் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில்: மறைந்த சட்ட மாமேதைக்குப் புகழஞ்சலி.

நான் மெயிலைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். படித்ததும் முதலில் சொன்னது: "என் பிரெஞ்சுல ஒரு தப்பும் இல்லியே."

"தப்பு இல்ல சார். அதுதான் தொல்ல."

"எவ்ளோ பெரியவரு! அவரப் போயி மோர்னு எழுதச் சொல்றியா நீ? மாடு செத்தாலும் மோர், மகான் செத்தாலும் மோரா?"

"மோரா?" என்றாள் அவள். செத்தவர் என்பதற்குப் பிரெஞ்சில் அப்படித்தான் உச்சரிப்பு என்று சொன்னேன். பிளெக்ஸ் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. பிளெக்ஸில் இருந்த எழுத்தையே பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு செயலாளரிடம், சண்டைக் குரலில் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்பவள் மாதிரிக் கேட்டாள்:

"ஐயா எங்க சார் மறைஞ்சாரு? ஆஸ்பத்திரியில சீட்டு குடுத்தாங்க. நீங்கதான் தோள் குடுத்தீங்க. சாம்பலக் கூடக் கடல்ல கரைச்சீங்க, நான் பாத்தேன். அவரு இருக்கிற எடம் எல்லாருக்கும் தெரியுமே. அவருக்கு எதுக்கு சார் எங்க வூட்டுக்காரரு வார்த்த?"

செயலாளர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதரை எனக்கு முதல் முறையாகப் பிடித்துப்போனது அந்த முக்காலியில்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "எழுதும்மா," என்றார். "உன் பத்திரப் பிரெஞ்சுலயே எழுது. அலங்காரம் ஒண்ணும் வேணாம்."

அந்தக் கடையிலேயே எழுதினோம். செத்தவர் இவருடைய வக்கீல், பெயர் இன்னது. இவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், பெயர் இன்னது. அவருக்கு எந்தச் சடங்கும் நடக்கவில்லை. இன்று வரை அவர் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. வக்கீலுக்கு 'மோர்' போடுவதா 'தெசெதே' போடுவதா என்று எனக்கும் செயலாளருக்கும் அங்கேயும் ஒரு சண்டை நடந்தது. தெசெதே என்று முடிவாயிற்று. அதற்கும் இரண்டாவது அர்த்தம் கிடையாது. மெயில் போனது. போனதோடு சரி, பதில் இல்லை.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. அவள் வேலை முடிந்ததும் போன் செய்வாள். "வந்துச்சா பாயம்மா?" அவள் போனுக்கும்தான் வரும், ஆனால் எதற்கும் என்னையும் கேட்பாள். கோப்பை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தால்? மூடியதை மறுபடி திறப்பார்களா? எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் போய்க் கேட்க வேண்டிய ஆள் படமாகிக் கிடந்தார்.

விழா அன்று காலையில் நெல்லித்தோப்பில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நான் காய் வாங்கப் போனவள் நின்றுவிட்டேன். 'மறைந்த' என்று இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டு ஒட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் 'இறந்த' என்று இருந்தது. துண்டின் ஒரு மூலை காற்றில் படபடத்தது. கீழே செயலாளர் நின்றுகொண்டு, "இன்னா சார், இவ்ளோ பச்சையா போட்டுட்டீங்க?" என்று கேட்கிறவர்களை எல்லாம் பிடித்துவைத்து, காணாமல் ஆக்கப்படுதல் என்றால் என்ன என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பால்காரர் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஜட்ஜய்யா என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதில் வந்தது அன்று சாயங்காலம், மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது. என் போனும் அவள் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. அவள் போனைத் தொடவே இல்லை. இரண்டு கையாலும் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "படிங்க," என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். திருத்தத்தைப் பதிவு செய்துகொண்டோம், அந்த நாட்டுக்கு மறுபடியும் எழுதிக் கேட்கிறோம், கோப்பு திறந்தே இருக்கிறது. இனி யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு முகவரி கேட்டிருந்தார்கள்.

"இருக்காருன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "கேஸு இருக்குன்னு போட்டிருக்கும்மா."

"இருக்குன்னு போட்டிருக்கில்ல."

"போட்டிருக்கு."

"அப்போ யாருக்கு எழுதணும்னு உங்க பேரப் போட்டு அனுப்புங்க," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அங்கேயே நின்று என் முகவரியை அடித்து அனுப்பினேன். ஜட்ஜய்யாவுடைய நாற்காலி அது.

உள்ளே பேச்சுகள் நீளமாக நடந்தன. அவர் உலகத்துக்குச் செய்ததைப் பற்றி நிறையச் சொன்னார்கள், பாதி எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசியில் மலரஞ்சலி. வரிசையாகப் போய்த் தட்டிலிருந்து பூவை எடுத்து ஜட்ஜய்யாவின் படத்துக்குப் போட வேண்டும். அவள் எனக்கு முன்னால் போனாள். துணிப்பையிலிருந்து எதையோ வெளியே எடுத்தாள். சட்டம் போட்ட சின்னப் படம், அவள் வீட்டுக்காரருடையது. ஐயாவுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கிறாள். மேடையில் இருந்த ஒருவர், பாவம், நல்ல எண்ணத்தில், "அதையும் இங்க வைம்மா," என்று ஐயா படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே சாமந்தியும் ரோஜா இதழும் குவிந்து கிடந்தன.

அவள் வைக்கவில்லை. ஐயா படத்துக்கு நேராக அதை ஒரு தரம் தூக்கிக் காட்டினாள். பிறகு இடது கையால் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையால் பூவை அள்ளிப் போட்டாள். பின்னால் நின்ற என் கையில் பூ இருப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாயம்மா, பாத்துப் போடுங்க," என்றாள். "இவரு மேல ஒண்ணுகூடப் பட்டுடக் கூடாது."